ஏழாவது கேள்வி

குண்டூசிக்கு அந்த அலுவலகத்தில் இருந்த மரியாதை கைவேலையால் வந்ததல்ல. அவளுக்குப் படம் வரையத் தெரியாது. நேராக ஒரு கோடு போடச் சொன்னால் அது பாதி வழியில் மனம் மாறி வேறு எங்கோ போய்விடும். தையலும் அந்த லட்சணம்தான். சட்டைப் பொத்தான் அறுந்தால் தையல் மாஸ்டரிடம் போய் அசடு வழிய நிற்பாள். ஆனாலும் ஆடை வடிவமைக்கும் அந்தச் சின்ன நிறுவனத்தில் அவள் சொல்லாமல் ஒரு நூல் அசையாது. உடை வேண்டும் என்று வருகிறவரின் மனதில் இருப்பதை வாயால் வரவழைப்பது, அதை வரைகிறவருக்கும் வெட்டுகிறவருக்கும் புரிகிறபடி சொல்வது, மூன்றே வாரத்தில் ஒரு பலகையில் படங்களும் துணித்துண்டுகளும் ஒட்டி, பக்கத்தில் ஒரு மாதிரி உடையையும் மாட்டி, "இதுதான் நீங்கள் கேட்டது" என்று காட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு.

குண்டூசி என்பது வீட்டில் வைத்த பெயர். ஒல்லியாக இருந்தாளே அதனால் என்று சிலர் சொல்வார்கள். யாரையாவது ஏதாவது கேட்டுக் குடைந்துகொண்டே இருப்பாளே அதனால் என்று மற்றவர்கள் சொல்வார்கள். ஒல்லி எப்போதோ விடைபெற்றுப் போய்விட்டது. குடைவது மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.

அவளிடம் ஒரு தாள் உண்டு. அதில் இருபத்தொரு கேள்விகள். யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், முதல் சந்திப்பில் அந்தத் தாள் முடிந்தாக வேண்டும். முடியும்வரை டிசைனர் பென்சிலைத் தொடக் கூடாது. டிசைனர் கை வேகமான ஆள். வந்தவர் "எங்களுக்கு ஒரு..." என்று ஆரம்பிப்பதற்குள் காலர் வரைந்து, கைப்பட்டை வரைந்து, நிழல்கூடப் போட்டுவிடுவார். அதனால் கேள்வி நேரத்தில் அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்று குண்டூசி சட்டம் போட்டிருந்தாள். நாற்பது வயது மனிதர், தலையில் லேசாக வழுக்கை வேறு. பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர் போல உட்கார்ந்திருப்பார்.

"வந்தவங்க முதல்ல சொல்றது அவங்க ஆசையே இல்ல. எங்கேயோ பார்த்ததைச் சொல்றாங்க. கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் ஆசை வெளியே வரும்" என்பாள்.

ஒரு பல் மருத்துவர் வந்தார். "எளிமையா இருக்கணும், ஆனா பிரமாதமா இருக்கணும்" என்றார். இப்படிச் சொல்லாதவர் யாரும் அந்த நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததில்லை. பதினோராவது கேள்விக்கு வந்தபோது, "உங்க வேலையில எந்த நேரம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டாள். "என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் குழந்தைங்க அழுவாங்க. அப்ப எனக்கும் அழுகை வரும்" என்றார். கடைசியில் அவருக்கு வெளிர்பச்சையில் ஒரு கோட்டு போனது. கையைத் தூக்கினால் மட்டும் தெரிகிற மாதிரி, கைப்பட்டையின் உள்பக்கத்தில் ஒரு குட்டி யானை. வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் குழந்தையின் கண்ணுக்கு நேரே அந்த யானை வந்து நிற்கும்.

இப்படி எத்தனையோ பேர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். ஆனால் அக்கா ஒருத்தி மட்டும் ஒரு வார்த்தை மெச்சியதில்லை. குண்டூசிக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

அக்கா அவளைவிட நான்கு வயது மூத்தவள். வீடு மாற்றித் தரும் தொழில் செய்கிறாள். இரண்டு லாரி, பதினொரு ஆட்கள். கட்டில், பீரோ, குளிர்சாதனப் பெட்டி என்று ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையையும் காலையில் ஒரு வீட்டிலிருந்து தூக்கி மாலைக்குள் இன்னொரு வீட்டில் இறக்கிவிடுவாள். அவள் வேலை கண்ணுக்குத் தெரிகிற வேலை. தங்கையின் வேலைதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"நீ வரையறதும் இல்ல, தைக்கறதும் இல்ல. நடுவுல நின்னு என்னடி பண்றே?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். பதினெட்டு வருஷமாக அதே கேள்வி. அன்பாகத்தான் கேட்பாள், அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

அப்பேர்ப்பட்ட அக்கா ஒரு நாள் போன் செய்தாள். "ஏ குண்டூசி, என் ஆளுங்க பதினொரு பேருக்கும் ஒரே மாதிரி உடுப்பு வேணும். உன்னை வீட்டுல வந்து பார்க்கட்டுமா, இல்ல உங்க ஆபீசுக்கு முறைப்படி வரணுமா?"

"முறைப்படியே வாக்கா!" என்றாள் குண்டூசி. போனை வைத்ததும் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மாஸ்டரிடமும் டிசைனரிடமும் தனித்தனியாக மூன்று முறை சொன்னாள்.

அக்கா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டாள். மடிப்புக் கலையாத உடை, காலைக் கடிக்கிற புதுச் செருப்பு. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரும்புப் பீரோவைக் கண்டு அசராதவள், மேசையில் இருந்த அந்தத் தாளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். டிசைனர் சட்டப்படி கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

குண்டூசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்கு எதுக்குக்கா இந்தத் தாளெல்லாம்? உன்னைப் பத்தி எனக்குத் தெரியாததா? நீ டீ குடி, மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று தாளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அக்காவின் விரல் கைப்பையின் ஜிப்பைப் பாதி திறந்திருந்தது. அப்படியே திரும்ப மூடிவிட்டாள். "அப்ப சரி, உனக்குத் தெரியாததா" என்று டீயைக் குடித்தாள். பத்தே நிமிஷத்தில் கிளம்பியும் விட்டாள்.

அவள் போன பிறகு டிசைனர் மெதுவாகக் கேட்டார். "மேடம், கேள்வி?"

"நானே நிரப்பிடறேன். கூடப் பிறந்தவ சார், இருபது வருஷம் ஒரே ரூம்ல தூங்கியிருக்கேன்."

"அப்ப நான் கையை எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோங்க."

இருபத்தொரு கேள்விக்கும் ஏழு நிமிஷத்தில் விடை எழுதினாள். மற்றவர்களை மணிக்கணக்கில் உட்காரவைத்து உயிரை எடுக்கிறவள், தன்னைத் தானே கேட்டுத் தானே தலையாட்டிக்கொண்டாள். ஏழாவது கேள்வி, உங்களுக்குப் பிடித்த நிறம் எது என்பது. பேனா நிற்கவே இல்லை. மஞ்சள் என்று எழுதினாள். சின்ன வயதுப் படங்களை எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் அக்கா மஞ்சளில் இருப்பாள், இவள் நீலத்தில் இருப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அடுத்த மூன்று வாரம் அலுவலகம் மஞ்சள் காமாலை வந்தது போல ஆகிவிட்டது. பதினான்கு வகை மஞ்சள் வந்து இறங்கியது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் போனது. அந்த உடுப்பின் மையக் கருத்துக்கு 'வெயில்' என்று பெயர் வைத்தாள். ஜன்னல் வழியே விழும் காலை வெளிச்சம், திறந்த கதவு, காலியான தரை என்று படங்களைத் தேடி எடுத்துப் பலகையில் ஒட்டினாள். டிசைனர் எட்டு உடை வரைந்தார். அவள் அதில் ஏழு உடைகளை ஒதுக்கினாள்.

மாஸ்டர்தான் முணுமுணுத்தார். தேர்ந்தெடுத்த துணியில் ஒரு துண்டைச் சுவரில் தேய்த்துக் கொண்டுவந்து காட்டினார். "மூட்டை தூக்குறவங்களுக்கு மஞ்சளாம்மா? ரெண்டு நாள்ல இது என்ன நிறம்னு யாருக்கும் தெரியாது."

"அக்காவுக்கு அதுதான் மாஸ்டர் உயிர்."

"அவங்க சொன்னாங்களா?"

"சொல்லித்தான் தெரியணுமா?"

மாஸ்டர் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றினார். மறுபடியும் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். சண்டை போடுவதென்றால் அவர் அவ்வளவுதான் போடுவார். பிறகு வெட்டப் போய்விட்டார்.

காட்டும் நாள் வந்தது. மாதிரி உடையைப் போட்டுப் பார்க்க அக்கா தன் ஆட்களில் மூத்தவரைக் கூட்டி வந்திருந்தாள். அவர் பீரோவைத் தனி ஆளாக முதுகில் தூக்குகிறவர் என்பதால் பீரோ என்றே பெயர். கதவு வழியே அவர் நுழைந்தபோது அந்தப் பெயருக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று டிசைனருக்குத் தோன்றியது. மாஸ்டர் அவரை உள்ளே அழைத்துப் போய் உடையை மாட்டிவிட்டார்.

குண்டூசி பலகையை மூடியிருந்த துணியை விலக்கினாள். வெயிலைப் பற்றிப் பேசினாள், புது வீட்டின் முதல் காலையைப் பற்றிப் பேசினாள், மஞ்சளைப் பற்றி உருகி உருகிப் பேசினாள். பேசி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா.

அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பயங்கரமான வார்த்தை கிடையாது. உண்மையிலேயே பிடித்தவர்கள் குறை சொல்வார்கள். இந்தப் பொத்தான் கொஞ்சம் பெரிசோ, இந்தக் கை கொஞ்சம் நீளமோ என்று நொய்நொய் என்பார்கள், ஏனென்றால் மனதுக்குள் ஏற்கெனவே அதைப் போட்டுப் பார்த்திருப்பார்கள். பிடிக்காதவர்கள்தான் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுக் கைப்பையைத் தேடுவார்கள். அக்காவின் கை கைப்பையின் மேல் இருந்தது.

"பிடிக்கலையாக்கா?"

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா? மூணு வாரமா இதே வேலையா இருந்திருக்கே. பதினொண்ணும் இப்படியே தைக்கச் சொல்லிடு."

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் குண்டூசி அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பாள். இப்போது அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பீரோ வெளியே வந்தார். கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். பெரிய மனிதர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்.

"என்ன முதலாளி, மஞ்சளா? லாரிக்கு மஞ்சள் அடிக்கலாம்னு சொன்னதுக்கு என்னை அந்தத் திட்டு திட்டினீங்க. மஞ்சளைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருதுன்னீங்க."

அக்கா அவரைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அதெல்லாம் புரிந்துகொள்கிற ஆளாக இருந்தால் அவர் பீரோ தூக்கிக்கொண்டிருக்க மாட்டார், தூதராகப் போயிருப்பார். "அதான் நோட்டு போட்டு எழுதினீங்களே, அதைக் காட்டலையா?" என்று அடுத்த குண்டையும் போட்டார்.

குண்டூசியின் முகத்தில் ஈயாடவில்லை. "என்ன நோட்டு?"

டிசைனர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். மாஸ்டர் ஏற்கெனவே அளந்த மேசையை மறுபடியும் அளந்தார்.

அக்கா வேறு வழியில்லாமல் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன நோட்டு வந்தது. ஓரங்கள் மடங்கி, பல நாள் கூடவே இருந்த நோட்டு.

"உன் பல் டாக்டர் வீட்டை நாங்கதான்டி மாத்தினோம். நீ என் தங்கச்சின்னு தெரிஞ்சதும் அந்த மனுஷன் கட்டில் மேலயே உட்கார்ந்துட்டாரு. நாங்க தூக்க வேண்டிய கட்டில். 'உங்க தங்கச்சி என்னை இருபத்தொரு கேள்வி கேட்டாங்கம்மா. கல்யாணம் ஆகி இருபது வருஷமாச்சு, வீட்ல கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்ல'ன்னு சொன்னாரு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, நீ நடுவுல நின்னு என்ன பண்றேன்னு. அந்தக் கேள்வியெல்லாம் அவர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கிட்டேன். எவ்வளவு பெரிய வேலைடி அது! சரி, என்னையும் அப்படி உட்கார வெச்சுக் கேப்பேன்னு நினைச்சேன். அதுக்காகத்தான் முறைப்படி வந்தேன்."

பதினெட்டு வருஷம் காத்திருந்த வார்த்தை அது. கேட்க வேண்டியதைக் கேட்காமல் தவறவிட்டது அம்பலமான அன்றைக்குத்தானா வந்து சேர வேண்டும்? குண்டூசிக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் உள்ளும் புறமும் விசாரித்தவள், கூடப் பிறந்தவளை ஒரு வார்த்தை கேட்காமல் டீ கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"ஆனா மஞ்சள்..." என்றாள். "எல்லாப் படத்திலயும் நீ மஞ்சள்தானேக்கா போட்டிருப்பே?"

"அம்மா எப்பவும் ரெண்டு துணி வாங்கிட்டு வருவாங்க. ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள். நீ நீலம்தான் வேணும்னு தரையில விழுந்து புரண்டு ஊரைக் கூட்டுவே. உன் வாயை மூடணுமே, மிச்சம் இருந்ததை நான் எடுத்துப்பேன்." இதைச் சொல்லி அக்கா சிரித்தாள். ஒரு குறையும் இல்லாத சிரிப்பு. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் குண்டூசிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். இன்றைக்கும் அவள் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொள்ளத்தான் பார்த்தாள். பதினொண்ணும் இப்படியே தைக்கச் சொல்லிடு என்று சொல்லியும் விட்டாள்.

குண்டூசி எழுந்தாள். பலகையைத் திருப்பிச் சுவரைப் பார்க்கவைத்தாள். அலமாரியிலிருந்து புதிய தாள் ஒன்றை எடுத்தாள். அவள் பார்த்த பார்வையில் டிசைனரின் கைகள் தாமாகவே தொடைக்கு அடியில் போய்விட்டன. பீரோவும் எதற்கும் இருக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்துகொண்டார்.

"வாங்க, உட்காருங்க" என்றாள் அக்காவிடம்.

"என்னடி வாங்க போங்கன்றே?"

"இங்க வர்றவங்களை அப்படித்தான் கேப்பேன். முதல் கேள்வி. உங்க வேலை என்னன்னு, ஒண்ணுமே தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள். ஆரம்பத்தில் படித்தாள். கொஞ்ச நேரத்தில் நோட்டை மறந்துவிட்டுப் பேசினாள். குனிந்து எழும்போது முட்டி எங்கே கிழிகிறது, படிக்கட்டில் பின்னால் நடக்கும்போது காலில் என்ன தடுக்குகிறது என்று எழுந்து நடந்தே காட்டினாள். முட்டிக்கு உள்ளே மெத்தை வேண்டும், பின்பக்கம் ஒரு பாக்கெட்டும் கூடாது என்றாள். ஏழாவது கேள்வி வந்தபோது, "இதைக் கடைசியில வெச்சுக்கலாமா?" என்று கேட்டாள். வைத்துக்கொண்டார்கள்.

பதினோராவது கேள்வி வந்தது. எந்த நேரம் ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது?

"எல்லாத்தையும் ஏத்தி முடிச்சப்புறம்" என்றாள் அக்கா. "வீட்டுக்காரங்க காலி ரூம்ல ஒரு தடவை நின்னு பார்ப்பாங்க. அப்ப ஏதோ ஒண்ணைக் காணோம்னு தோணும். தோணின உடனே எங்க ஆளுங்க பாக்கெட்டைத்தான் பார்ப்பாங்க. வாயால ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா பார்ப்பாங்க."

பீரோ தலையைக் குனிந்துகொண்டார்.

"இரும்புப் பீரோவை நகர்த்தினா அடியில என்னென்னவோ கிடக்கும். தோட்டுத் திருகு, பழைய போட்டோ, குழந்தையோட ஒத்தைக் காலுறை. இவங்க எடுத்துப் பாக்கெட்ல போட்டுப்பாங்க, பத்திரமா கொடுக்கலாம்னுதான். அதுவே வம்பாயிடும். நெஞ்சு மேல ஒரு பை வேணும், கண்ணாடி மாதிரி. உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறவங்க எல்லாருக்கும் தெரியணும். வேலை முடிஞ்சதும் அதுல இருக்கிறதை எடுத்து அவங்க கையில கொடுத்துட்டு வரணும்."

டிசைனரின் வலது கை தொடைக்கு அடியிலிருந்து மேலே வந்துவிட்டது. குண்டூசி முறைத்தாள். கை திரும்பிப் போனது. வெயிலாம், திறந்த கதவாம்! தான் பேசிய பேச்சையெல்லாம் நினைத்தால் அவளுக்குக் காதை மூடிக்கொள்ளத் தோன்றியது.

இருபத்தொன்றும் முடிந்தது. ஏழு மட்டும் பாக்கி.

அக்கா நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 7 என்று போட்டு, கீழே ஒரு பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. "மத்ததெல்லாம் எழுதிட்டேன். இதை மட்டும் நாலு நாள் யோசிச்சேன். பிடிக்காதது நல்லாத் தெரியுது. பிடிச்சது எதுன்னு எனக்கே தெரியலடி" என்றாள். தப்புச் செய்துவிட்டவள் போலச் சொன்னாள்.

குண்டூசி எழுந்து இழுப்பறைகளிடம் போனாள். துணி வெட்டும் பெரிய மேசையை மாஸ்டர் காலி செய்து கொடுத்தார். நிற மாதிரிகள் இருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்து, நானூறு துணித்துண்டுகளையும் மேசை நிறையப் பரப்பினாள். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று பீரோவைத் தனியாகப் பார்த்துச் சொன்னாள்.

அக்கா புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு மேசையைச் சுற்றி நடந்தாள். ஒரு பச்சையை எடுத்தாள், வைத்தாள். செங்கல் நிறத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், சிரித்துக்கொண்டு வைத்துவிட்டாள். சாம்பல் நிறம் ஒன்று ரொம்ப நேரம் கையில் இருந்தது. "எதுடி நல்லா இருக்கு?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றாள் குண்டூசி.

சாப்பாட்டு நேரம் வந்து போனது. பீரோ போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அப்போதும் அக்கா நடந்துகொண்டுதான் இருந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. பிறகு மேசையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்தாள். கீழே வைக்கவில்லை. நல்ல அழுத்தமான நீலம்.

"ஏ குண்டூசி."

"ம்."

"இந்தத் தடவை இதை நான் எடுத்துக்கட்டுமா? விழுந்து புரள மாட்டியே?"

"மாட்டேன்க்கா" என்றாள் குண்டூசி. விழுந்து புரளவில்லை என்பது உண்மைதான், மற்றபடி அந்தக் காலத்தில் எப்படி அழுதாளோ அப்படியே அழுதாள்.